சிறைக்குப் போகும் நோயாளிகள், சிகிச்சைக்கு வராத பணம்

கைதான எட்டு, பத்து மணி நேரத்தில் கொட்டாவி வரத் தொடங்கும். தூக்கக் கொட்டாவி அல்ல. தாடை வலிக்கும்வரை அடுத்தடுத்து வரும். பிறகு மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வழியும், உடம்பு சில்லிட்டுப் புல்லரிக்கும். ராத்திரிக்குள் வயிற்றைப் பிசையும். வாந்தி, பேதி ஆரம்பிக்கும். கால் எலும்பெல்லாம் குடையும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். ஹெராயினுக்குப் பழகிய உடம்பில் அது திடீரென்று நின்றுபோனால் நடப்பது இதுதான். மருத்துவமனையில் இருந்தால், புப்ரினார்பின் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே வேதனை அடங்கத் தொடங்கும். லாக்கப்பில் இருந்தால், "சும்மா நடிக்கிறான் சார்" என்று ஒரு குரல் கேட்கும்.

மறுநாள் அந்த ஆளை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துவார்கள். போலீஸ் அடித்தார்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்விகள் சும்மா வந்துவிடவில்லை. பல காலம் போராடி, பல தீர்ப்புகள் வழியாக வந்தவை. "உனக்கு இந்தப் பழக்கம் எத்தனை வருஷமாக? சிகிச்சை வேண்டுமா?" என்ற கேள்வி மட்டும் நம் ரிமாண்ட் நடைமுறைக்குள் இன்னும் வந்து சேரவில்லை. பதினைந்து நாள் நீதிமன்றக் காவல், புழலுக்கோ மதுரைக்கோ ஒரு வேன் பயணம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சிகிச்சைக்கான வழி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், வக்கீல்கள் வாயில் என்.டி.பி.எஸ். அதன் 39-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். போதைக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ குற்றவாளி என்று முடிவானால், அவருடைய வயது, பின்னணி, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, அவர் சம்மதத்துடன், உடனே தண்டிக்காமல் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கு நீதிமன்றம் அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு வந்தால் கண்டித்து விட்டுவிடலாம். 64-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதே வகைக் குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மீது வழக்கே நடத்தக் கூடாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போகும்.

இந்த இரண்டு பிரிவுகளும் எத்தனை பேருக்குக் கை கொடுத்திருக்கின்றன? நாட்டிலேயே போதைப் பிரச்சினை மிகப் பெரிதாகப் பேசப்பட்ட பஞ்சாபில் நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், இவை ஏட்டளவில் கிடப்பதாகவே எழுதினார்கள். நம் ஊர் நீதிமன்ற வளாகங்களில் ஜாமீன் மனுக்கள் நாள்தோறும் குவிகின்றன. 64-ஏ மனு என்றால் யோசித்துப் பார்க்கும் வக்கீல்களே அதிகம்.

ஆகஸ்டில் மசோதா, செப்டம்பரில் சட்டம்

என்.டி.பி.எஸ். மசோதா மக்களவைக்கு வந்தது 1985 ஆகஸ்ட் 23. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டது செப்டம்பர் 16. நாலு வாரம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 1961-இல் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டபோது, கஞ்சா போன்ற பழைய பழக்கங்களை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கெடு நெருங்கிய நேரம் அது. அதுவரை மாநில ஆயத்தீர்வைத் துறைகள் உரிமம் கொடுத்து விற்ற பொருள், ஒரே பருவத்தில் சிறைக்கு அனுப்பும் பொருளாக மாறியது. வடநாட்டில் பாங் என்று அரைத்துக் குடிக்கும் கஞ்சா இலையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவசரத்தில் எழுதிய சட்டத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது. 1989-இல் ஜாமீனை ஏறக்குறைய எட்டாக்கனியாக்கினார்கள், சில குற்றங்கள் திரும்ப நடந்தால் மரண தண்டனை என்றார்கள், சொத்துப் பறிமுதலுக்குத் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். 2001-இல்தான் பொட்டலம் வைத்திருந்தவரையும் லாரியில் கடத்தியவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்ற எண்ணம் வந்து, சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என்று பிரித்தார்கள். 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கட்டாய மரண தண்டனை அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. 2014 திருத்தம் அதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. அதே 2014 திருத்தத்தில்தான் புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பதில் இருந்த உரிமச் சிக்கல் தளர்ந்தது. முப்பது ஆண்டுகளாக வலியில் துடித்துச் செத்தவர்களில் எத்தனையோ பேர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். இந்தச் சட்டத்தின் பலியாட்கள் பட்டியலில் அவர்களை நாம் சேர்ப்பதே இல்லை.

இன்றைய கணக்கு இப்படி இருக்கிறது. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோ வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கு அரை கிராம், 10 கிராம். சிறிய அளவு என்றால் ஓராண்டு வரை சிறை. இடைப்பட்டது என்றால் பத்தாண்டு வரை. வணிக அளவு என்றால் குறைந்தது பத்து, அதிகம் இருபது. எதுவும் கையில் இல்லாமல் உட்கொண்டதற்கு மட்டுமே என்றாலும், ஹெராயினோ கொக்கெயினோ ஆனால் ஓராண்டு வரை, கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை சிறை வைக்க 27-ஆம் பிரிவில் இடமிருக்கிறது.

எடையை வைத்து நோயாளியையும் வியாபாரியையும் பிரிப்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எதை எடை போடுவது என்பதில்தான் சிக்கல். பிரவுன் சுகர் என்று தெருவில் கிடைக்கும் ஹெராயின் பொடி பெரும்பாலும் கலப்படம். 2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படத்தைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் போதைப்பொருளை மட்டும் எடை போட வேண்டும் என்றது. அந்த வழக்கில் பிடிபட்ட பொடி நாலு கிலோவுக்கு மேல். அதில் சரக்கு ஏறக்குறைய 60 கிராம்தான். 2020-இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மொத்தப் பொடியையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கடத்தல்காரர் கலப்படத்தைக் காட்டித் தப்பக் கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் கடைசிப் படியில் நிற்பவருக்கு என்ன நேர்கிறது பாருங்கள். ஆறு கிராம் பொடி வாங்கி வைத்திருக்கும் ஒருவரிடம் உண்மையான ஹெராயின் அரை கிராம்தான் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது ஆறு கிராம். சிறிய அளவைத் தாண்டிவிட்டது. பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 39-ஆம் பிரிவும் 64-ஏ பிரிவும் அந்த நொடியே அவருக்கு இல்லாமல் போகின்றன. எவ்வளவு மட்டமான சரக்கு வாங்குகிறாரோ அவ்வளவு பெரிய குற்றவாளி ஆகிறார்.

நோய் முற்றியவர்தான் அதிகம் வாங்குவார். நோய் முற்றியவர்தான் தன் பங்குக்குக் காசு புரட்ட நாலு பேருக்குக் கை மாற்றி விடுவார். சிகிச்சை யாருக்கு மிகவும் தேவையோ அவரைத்தான் சட்டம் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வெளியே தள்ளுகிறது. இந்த ஒன்றை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் பலன் குறைவு என்பது என் கருத்து.

ஏழு வருடம் நாலு மாதம்

வணிக அளவு வழக்கு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஜாமீன் கேட்பவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே நிரபராதி என்று காட்டச் சொல்வதைப் போலத்தான் இது. டெல்லியில் முகமது முஸ்லிம் என்பவர் 23 வயதில் கைதானார். ஏழு வருடம் நாலு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு 2023 மார்ச்சில் அவர் மனு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது, 30 சாட்சிகள்தான் விசாரிக்கப்பட்டிருந்தார்கள், இன்னும் 34 பேர் பாக்கி. நீதிபதி ரவீந்திர பட் எழுதிய அந்தத் தீர்ப்பு, விசாரணை அநியாயமாக இழுத்தடிக்கப்பட்டால் 37-ஆம் பிரிவு இருந்தாலும் ஜாமீன் கொடுக்கலாம் என்றது. ஏழை ஒருவர் உள்ளே போனால் வேலை போய், குடும்பம் சிதறிப் போவதையும் அது வெளிப்படையாகப் பேசியது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் இந்த வரலாற்றில் முக்கியமானது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர் 29. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் 67-ஆம் பிரிவின் கீழ் எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று மூன்று பேரில் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதுவரை, அறைக்குள் வாங்கிய கையெழுத்தே பல வழக்குகளின் முதுகெலும்பாக இருந்தது.

விசாரணைக் கைதியாக இல்லாவிட்டால் குண்டர் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் தொடக்கத்திலேயே போதைப்பொருள் குற்றவாளிகளையும் சேர்த்துக்கொண்டது. விசாரணை இல்லாமல் ஓராண்டு. 2022-இல் நாடு முழுவதும் என்.டி.பி.எஸ். வழக்குகள் 1 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டின. கேரளத்தில் மட்டும் 26 ஆயிரத்துக்கு மேல், தமிழ்நாட்டில் பத்தாயிரத்துக்கு மேல். இந்தப் பத்தாயிரத்தில் எத்தனை பேர் பொட்டலம் வாங்கியவர்கள், எத்தனை பேர் விசாகப்பட்டினம் மலைப்பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு ஏற்றி ராமநாதபுரம் கடற்கரை வரை கொண்டுவந்தவர்கள் என்று ஒவ்வொரு மாவட்டமும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிடித்த கிலோ கணக்கையும் கைது எண்ணிக்கையையும் மட்டும் அறிவிக்கும் செய்திக் குறிப்புகளால் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சிறையில் இருந்தால் பழக்கம் தானாக விட்டுப்போகும் என்று நினைக்கிற பெற்றோர் பலர் உண்டு. பிள்ளையைப் போலீசில் ஒப்படைத்துவிட்டு வந்து அழும் அம்மாக்களும் உண்டு. அவர்கள் அன்பைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமை இல்லை. வீட்டில் இருந்த மிக்சியும் தாலிச் சங்கிலியும் போன பிறகு, வேறு கதவு தெரியாமல்தான் ஸ்டேஷன் வாசலுக்கு வருகிறார்கள். ஆனால் ஒன்றை அவர்களிடம் யாராவது சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் போதைப்பொருள் அளவு மீறிச் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. சிறையில் உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். ஆசை போயிருக்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்வார்கள். சிகிச்சை இல்லாத சிறைவாசம் உயிரையே வாங்கக்கூடியது.

முடக்கப்பட்ட பாஸ்புக்

2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா', 2022 மார்ச் இறுதியில் அதன் இரண்டாம் கட்டம் என்று தமிழ்நாடு காவல்துறை இறங்கியபோது, கைதுகளோடு இன்னொரு ஆயுதமும் பரவலாகக் கையில் எடுக்கப்பட்டது. வங்கிக் கணக்கு முடக்கம். தென் மாவட்டங்களில் வீடு, மனை, வாகனம் என்று அது விரிந்தது. கஞ்சாவில் கொழித்து மாடி மாடியாகக் கட்டியவர்கள் இருக்கிறார்கள், ஊரே அறியும். அவர்கள் பணத்தில் கை வைக்காமல் இந்த வியாபாரத்தை நிறுத்த முடியாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1989-இல் சேர்த்த ஐந்து-ஏ அத்தியாயம். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் மட்டுமல்ல, கைது செய்யப்பட்டாலே போதும், 2001 திருத்தத்துக்குப் பிறகு அவர் இதற்குள் வருகிறார். அவரோடு அவர் உறவினர்களும் வருகிறார்கள். மனைவி, பெற்றோர், பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மனைவியின் உடன்பிறந்தவர்கள் வரை பட்டியல் நீளும். விசாரணை அதிகாரி 68-எஃப் பிரிவின் கீழ் சொத்தை முடக்கலாம். 48 மணி நேரத்துக்குள் தகுதிவாய்ந்த அதிகாரிக்கு நகல் போக வேண்டும். 30 நாளுக்குள் அவர் உறுதி செய்யாவிட்டால் முடக்கம் செல்லாது. பிறகு நோட்டீஸ். சொத்து நேர்மையாகச் சம்பாதித்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம், 68-ஜே பிரிவின்படி, சொத்துக்காரர் தலையில்.

ரசீது வைத்து வாழ்கிறவர்களுக்கு இது பெரிய பாரம் அல்ல. கடத்தல் முதலாளிக்கு ஆடிட்டர் இருக்கிறார், சம்பந்தமே இல்லாத பெயரில் பத்திரம் இருக்கிறது. கூலி வேலை செய்யும் ஒரு தாயின் கணக்கை நினைத்துப் பாருங்கள். நூறு நாள் வேலைக் கூலி, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, குழுக் கடன் தவணை எல்லாம் அந்த ஒரே பாஸ்புக்கில்தான் வந்து போகின்றன. ஆடு விற்ற பணமும், மொய் வந்த பணமும், சீட்டு எடுத்த பணமும் அதில்தான் விழுகின்றன. ஒன்றுக்கும் ரசீது கிடையாது. மகன் கஞ்சா வழக்கில் பிடிபட்டு இந்தக் கணக்கு முடக்கப்பட்டால், வங்கி ஊழியர் "கணக்கு ஃப்ரீஸ் ஆகியிருக்கும்மா" என்று சொல்வதோடு சரி. யார் முடக்கினார்கள், எந்தப் பிரிவில், 30 நாள் எப்போது முடிகிறது, யாரிடம் போய் விளக்கம் கொடுப்பது என்று எழுதிய ஒரு தமிழ்த் தாள் அவர் கையில் கிடைக்க வேண்டாமா? குறைந்தபட்சம் அந்த அளவு மரியாதைக்கு அவர் உரியவர்.

வழக்கில் விடுதலையானால் சொத்தைத் திருப்பித் தரச் சட்டம் சொல்கிறது. ஆனால் விடுதலைக்கு எத்தனை வருடம்? அதுவரை பூட்டிய வீட்டின் ஓடு சரியும், வண்டி ஸ்டேஷன் வாசலில் மழையில் துருப்பிடிக்கும். அஸ்ஸாமில் ஒரு லாரியில் ஏறி வந்தவரிடம் சோப்பு டப்பாக்களில் 24.8 கிராம் ஹெராயின் பிடிபட்டது. லாரி உரிமையாளர்மீது குற்றச்சாட்டே இல்லை. தவணையில் வாங்கிய லாரி, அதுதான் பிழைப்பு. வழக்கு முடியும்வரை வண்டியைத் தர முடியாது என்று கீழே மறுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்தான், இடைக்காலமாக வண்டியை விடுவிக்க இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று பிஸ்வஜித் டே வழக்கில் தெளிவாக்கியது. வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்து வண்டியை வீணாக்குவதால் யாருக்கும் லாபமில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது.

கைப்பற்றியதைக் காப்பாற்றும் திறமையும் சந்தேகத்துக்குரியது. 2023 ஜூலையில் சென்னை நீதிமன்றம் ஒன்றில், 22 கிலோ கஞ்சாவுடன் பிடித்ததாகச் சொன்ன இருவர் விடுதலை ஆனார்கள். ஆய்வுக்கு அனுப்பிய கொஞ்சம் தவிர மீதி எல்லாவற்றையும் எலி தின்றுவிட்டது என்பது காவல்துறை தரப்பின் பதில். அந்த இருவர் குற்றவாளிகள் என்றால் தப்பிவிட்டார்கள், நிரபராதிகள் என்றால் சிறைக்குப் போய் வந்துவிட்டார்கள். எது உண்மை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பறிமுதலும் சிகிச்சையும் ஒரே ஆள்மீது மோதிக்கொண்ட வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த டைசன் டிம்ஸ், ஹெராயினுக்கு அடிமையானவர். அப்பா இறந்தபின் வந்த காப்பீட்டுப் பணத்தில் ஏறக்குறைய 42,000 டாலருக்கு ஒரு லேண்ட் ரோவர் வாங்கினார். சில நூறு டாலருக்கு ஹெராயினை மாறுவேடப் போலீசிடம் விற்றுப் பிடிபட்டார். ஓராண்டு வீட்டுக்காவல், ஐந்தாண்டு கண்காணிப்பு, சிகிச்சை. அது போதாதென்று அரசு வண்டியைப் பிடுங்கிக்கொண்டது. அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச அபராதமே 10,000 டாலர்தான். 2019 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான அரசியல் சாசனப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். குடிப்பழக்கமோ போதையோ விட்டு எழுந்து நிற்பவருக்கு வேலைக்குப் போகவும் மருத்துவரைப் பார்க்கப் போகவும் ஒரு வண்டி எவ்வளவு முக்கியம் என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அங்கே இன்னொரு கேடும் இருந்தது. 1984-க்குப் பிறகு, பறித்த சொத்தில் பெரும்பங்கு பறித்த போலீஸ் துறைக்கே போகும்படி விதிகள் அமைந்தன. குற்றம் நிரூபிக்காமலே பறிக்கலாம் என்பதும் சேர்ந்துகொண்டதால், வழிப்போக்கர் பையில் இருந்த ரொக்கம்கூடப் போனது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015-இல் இதை நிறுத்தியது. தண்டனை உறுதியானால்தான் பறிமுதல், பணம் அரசின் பொதுக் கணக்குக்கு.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் அதைவிட மேலான ஒரு யோசனையை 1989-லேயே எழுதி வைத்திருக்கிறது. 7-ஏ பிரிவு. போதைப்பொருள் துர்ப்பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு தேசிய நிதியம். ஐந்து-ஏ அத்தியாயத்தில் பறிமுதலான சொத்தை விற்ற பணம் அதில் சேர வேண்டும். அந்த நிதியம் எதற்கு? கடத்தலைத் தடுக்க, மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அடிமையானவர்களை அடையாளம் கண்டு சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்க. கடத்தல்காரரின் மாடி வீடு விற்ற பணம், அவரிடம் பொட்டலம் வாங்கிச் சீரழிந்த பிள்ளையின் வைத்தியத்துக்குப் போக வேண்டும் என்று நாடாளுமன்றமே சொன்ன வழி இது. தமிழ்நாட்டில் பறிமுதலான சொத்திலிருந்து தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு எவ்வளவு வந்தது என்று சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கேட்கட்டும். முடக்கிய கணக்குகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் அதே மேடையில் அந்தப் பதிலும் வரட்டும்.

இருபதில் ஒருவர்

2019-இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய தேசிய ஆய்வு, ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 77 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. ஊசி வழியாக ஏற்றிக்கொள்வோர் 8.5 லட்சம். குடிப்பவர்கள் 16 கோடி. சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை கிடைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒரு சட்டம் நோய் என்கிறது, இன்னொரு சட்டம் அதே ஆளைக் குற்றவாளி என்கிறது.

சிகிச்சை பலிக்குமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையே பதில். 1980-இல் சாந்தி ரங்கநாதன், குடிநோயில் கணவரை இழந்த பிறகு தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நாற்பது ஆண்டுக்கும் மேலாக, குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் சிகிச்சையை நடத்திவருகிறது. பஞ்சாப் 2017 அக்டோபரில் மோகா, தரன்தாரன், அமிர்தசரஸ் மாவட்டங்களில் புறநோயாளிக் கிளினிக்குகளைத் தொடங்கியது. வரிசையில் நின்று புப்ரினார்பின், நலாக்சோன் சேர்ந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். பிறகு நூற்றுக்கணக்கான இடங்களுக்கு விரிந்தது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' மையங்கள் வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம். நீதிமன்றத்துக்கும் இந்த மையங்களுக்கும் நடுவே ஒரு பாதை போட்டால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். இல்லாவிட்டால், தெருமுனையில் போர்டு மாட்டி, கட்டிப் போட்டு, அடித்துத் திருத்தும் தனியார் விடுதிகள்தான் ஏழைக் குடும்பங்களுக்கு மிஞ்சும். கடன் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளையைப் பிணமாகத் திரும்பப் பெற்ற குடும்பங்கள் இந்த மாநிலத்தில் உண்டு.

வெளிநாட்டு உதாரணங்களில் போர்ச்சுகல் அடிக்கடி பேசப்படுவது சரிதான். 2001 ஜூலை 1 முதல் அங்கே பத்து நாள் உபயோகத்துக்குள்ளான அளவு வைத்திருப்பது சிறைக் குற்றமல்ல. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்த மூன்று பேர் குழு முன்னால் உட்காருவார். விற்பவருக்குச் சிறை அப்படியேதான் இருக்கிறது. ஊசியால் பரவிய எச்.ஐ.வி. வெகுவாகக் குறைந்தது. ஆனால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020-இல் மக்கள் வாக்களித்துச் சிறையை நீக்கினார்கள். 100 டாலர் அபராதச் சீட்டு, சிகிச்சை உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அதுவும் ரத்து. போன் செய்தவர்கள் சொற்பம், சிகிச்சைக்கான பணம் வந்து சேரத் தாமதம், இடையில் ஃபென்டனில் என்ற கடும் போதைப்பொருளின் வெள்ளம். 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். சிறைக் கதவை மட்டும் மூடி, மருத்துவமனைக் கதவைத் திறக்காவிட்டால் மக்கள் பொறுமை இழந்துவிடுவார்கள் என்பதற்கு ஓரிகன் சாட்சி.

2021 அக்டோபரில், மும்பைச் சொகுசுக் கப்பல் போதைப்பொருள் வழக்கால் நாடே இதைப் பேசிய நேரத்தில், மத்திய சமூக நீதி அமைச்சகம் ஒரு பரிந்துரையை வருவாய்த் துறைக்கு அனுப்பியது. சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருப்பவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதி, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டத்தைத் திருத்தவும் செய்தார்கள். ஆனால் அது 2014 திருத்தத்தில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையைச் சரிசெய்ய மட்டுமே. 27-ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது.

நாடாளுமன்றம் அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில உண்டு. ரிமாண்டின்போது போதை அறிகுறி உள்ளவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மனநல மருத்துவரிடம் காட்ட உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்பலாம். புழல் போன்ற மத்தியச் சிறைகளுக்குள் புப்ரினார்பின் கொடுக்கலாம், வெளியே வரும் நாளில் பக்கத்துக் 'கலங்கரை' மையத்தின் சீட்டோடு அனுப்பலாம். சொத்து முடக்க உத்தரவு எதுவானாலும் தமிழில், மேல்முறையீட்டுத் தேதியோடு, வீட்டுக்கு வர வேண்டும். கூலியும் அரசு உதவித் தொகையும் விழும் கணக்கிலிருந்து மாதச் செலவுக்கு எடுக்க அனுமதி வேண்டும்.

இதைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது இந்த நிலைமை வந்திருந்தால்: பழைய மருத்துவச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். பிடிபட்டது சிறிய அளவு என்றால் 64-ஏ பிரிவின் கீழ் சிகிச்சைக்கு மனுப் போடச் சொல்லி வக்கீலிடம் எண்ணைச் சொல்லியே கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும், உதவி எண் 15100. சிகிச்சை எங்கே என்று கேட்க 14446. கணக்கோ வீடோ முடக்கப்பட்டிருந்தால் உத்தரவு நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, தேதியைக் குறித்துக்கொண்டு, முப்பது நாளை எண்ணத் தொடங்குங்கள்.